மின்காரின் வெற்றியும் முதலீட்டாளரின் கணக்கும்



2021 நவம்பர் 10ஆம் தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ரிவியன் என்ற மின்வாகன நிறுவனத்தின் பங்கு முதன்முதலாக வணிகத்துக்கு வந்தது. வெளியீட்டு விலை 78 டாலர். முதல் நாளே 100 டாலரைத் தாண்டியது. ஒரு வாரத்துக்குள் அதன் சந்தை மதிப்பு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகனை மிஞ்சியது. ஆண்டுக்கு 80 லட்சத்துக்கு மேல் வாகனம் விற்கும் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன். ரிவியனோ அக்டோபர் கடைசிவரை ஒப்படைத்திருந்தது வெறும் 156 வண்டிகள். அவையும் கிட்டத்தட்ட முழுக்கச் சொந்த ஊழியர்கள் கைக்கே போயிருந்தன.

அடுத்த ஆண்டு முடியும்போது அந்தப் பங்கு 20 டாலருக்கும் கீழே கிடந்தது. 2024இல் ரிவியனுக்குப் பண உதவி தேவைப்பட்டபோது, 500 கோடி டாலர்வரை முதலிட முன்வந்தது அதே ஃபோக்ஸ்வேகன்தான்.

ரிவியனின் வண்டி மோசமான வண்டி அல்ல. ஓட்டிப் பார்த்தவர்கள் பலர் அதைப் பாராட்டினார்கள். மின்கார்களுக்கு எதிர்காலம் உண்டு என்ற நம்பிக்கையும் பொய்க்கவில்லை. நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்கார்கள். சீனாவில் அதே ஆண்டு ஜூலையில், பிளக்-இன் ஹைப்ரிட் வகையையும் சேர்த்தால், மாதச் சில்லறை விற்பனையில் பாதிக்கு மேல் இந்தப் புதிய வகை வாகனங்களே. பிறகு, 78 டாலருக்கும் 100 டாலருக்கும் மேல் கொடுத்துப் பங்கு வாங்கியவர் ஏன் நட்டப்பட்டார்?

மின்கார் முதலீட்டில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தத் தொழில்நுட்பம் வெல்லுமா என்பது முதலாவது. வெல்லுமானால், போட்டியில் இந்தக் குறிப்பிட்ட நிறுவனம் நிற்குமா என்பது இரண்டாவது. நின்றாலும், இன்று கேட்கும் விலைக்கு ஈடான லாபம் கிடைக்குமா என்பது மூன்றாவது. கடந்த 15 ஆண்டுகளாக உலகம் முழுவதும் நடந்த விவாதத்தில் முதல் கேள்விக்கான விடையை மற்ற இரண்டுக்கும் விடையாக எடுத்துக்கொண்டவர்களே அதிகம் இழந்தார்கள். மின்காரை நம்பியவர்கள், நம்பாதவர்கள் இரு தரப்பிலும் இந்தப் பிழை நடந்தது.

கூடாரத்தில் ஓடிய கார் வரிசை

விவாதத்தின் மையத்தில் நின்றது டெஸ்லா. 2003இல் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும் தொடங்கிய நிறுவனம் அது. 2004இல் ஈலான் மஸ்க் முதலீட்டாளராகவும் தலைவராகவும் வந்து சேர்ந்தார். 2010 ஜனவரியில் அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை 46.5 கோடி டாலர் கடன் தந்தது. 2013 மே மாதம் அந்தக் கடன் முழுவதும் அடைக்கப்பட்டது. 2010 ஜூன் 29ஆம் தேதி பங்கு 17 டாலருக்கு வெளியாகி, சுமார் 22.6 கோடி டாலர் திரண்டது.

அடுத்த எட்டு ஆண்டுகளில் அமெரிக்கச் சந்தையில் மிக அதிகமாக எதிர்ப்பந்தயம் கட்டப்பட்ட பங்குகளில் ஒன்றாக டெஸ்லா ஆனது. ஷார்ட் செல்லிங் எனப்படும் அந்த முறை எளிமையானது. விலை இறங்கும் என்று கருதுபவர் பங்கைக் கைமாற்றாக வாங்கி இன்றைய விலைக்கு விற்றுவிடுகிறார். இறங்கிய பிறகு சந்தையில் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, இடையில் மிஞ்சும் தொகையை எடுத்துக்கொள்கிறார். இறங்காமல் ஏறினால் அவருடைய நட்டத்துக்கு எல்லை கிடையாது.

ஜிம் சானோஸ், டேவிட் ஐன்ஹார்ன் போன்ற அனுபவசாலிகள் அந்தப் பக்கம் நின்றார்கள். அவர்களுடைய வாதம் கணக்கிலிருந்து எழுந்தது. நிறுவனம் காலாண்டுக்குக் காலாண்டு கையிருப்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. சாமானியர் வாங்கும் காராக அறிவிக்கப்பட்ட மாடல் 3இன் உற்பத்தி வாக்களித்த வேகத்தை எட்டவில்லை. அளவுக்கு மீறி இயந்திரமயமாக்கிய வரிசைகள் சிக்கிக்கொண்டு நின்றன. 2018 ஜூனில் டெஸ்லாவின் ஃப்ரீமாண்ட் ஆலையின் வளாகத்திலேயே ஒரு பெரிய கூடாரம் எழுந்தது. அதற்குள் இன்னொரு பொருத்து வரிசையை அமைத்து, ஆட்களைக் கொண்டு கார்களை முடித்து வெளியே அனுப்பினார்கள். அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் 5,000 மாடல் 3 கார்கள் என்ற இலக்கு எட்டப்பட்டது.

அந்தக் கூடாரத்தை எதிர்த்தரப்பு தோல்வியின் அடையாளமாகக் காட்டியது. ஆதரவுத்தரப்பு மன உறுதியின் அடையாளமாகக் கொண்டாடியது. பின்னாளில் மஸ்க் சொன்ன கணக்கு எதிர்த்தரப்புக்கே வலு சேர்த்தது. 2017 முதல் 2019 வரையிலான மாடல் 3 காலத்தில், நிறுவனம் திவாலாக ஒரு மாத அவகாசம்தான் இருந்த நிலைவரை போயிருந்ததாக 2020 நவம்பரில் அவர் எழுதினார்.

நம்பிக்கையே மூலதனமானபோது

ஆனால் நட்டப்பட்டவர்கள் எதிர்ப்பந்தயக்காரர்கள். 2020ஆம் ஆண்டு டெஸ்லா பங்கு எட்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. அந்த ஒரே ஆண்டில் அவர்கள் இழந்தது சுமார் 4,000 கோடி டாலர் என்று எஸ்3 பார்ட்னர்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது.

அந்த ஆண்டின் வரவுசெலவில் என்ன இருந்தது? முதன்முறையாக ஓர் ஆண்டு முழுவதற்கும் லாபம் காட்டியது டெஸ்லா: 72.1 கோடி டாலர். அதே ஆண்டில் மாசுக் கட்டுப்பாட்டுச் சலுகைப் புள்ளிகளைப் பிற கார் நிறுவனங்களுக்கு விற்று வந்த வருவாய் 158 கோடி டாலர். அதைக் கழித்துவிட்டால் லாபம் மிஞ்சாது. எண்களை அந்தத் தரப்பு சரியாகவே படித்திருந்தது.

அவர்கள் கணிக்கத் தவறியது பங்கு விலையின் இன்னொரு வேலையை. விலை உயர்ந்த அந்த 2020இல் டெஸ்லா மூன்று முறை புதிய பங்குகளை வெளியிட்டு ஏறக்குறைய 1,200 கோடி டாலர் திரட்டியது. முன்பிருந்த பங்குதாரர்களின் பங்கு விகிதம் மிகச் சிறிதே குறைந்தது. திவால் அச்சமோ அடியோடு நீங்கியது. முதலீட்டாளர்களின் நம்பிக்கை விலையை ஏற்றியது, ஏறிய விலை பணத்தைக் கொண்டுவந்தது, அந்தப் பணம் ஆலைகளாக மாறி நம்பிக்கையை மெய்யாக்கியது. ஆலை எவ்வளவு விரைவில் எழும் என்பதை முந்தைய ஆண்டே காட்டியிருந்தார்கள்: ஷாங்காய் ஆலைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி அங்கே தயாரான முதல் கார்கள், அவற்றை வாங்கிய நிறுவன ஊழியர்களிடம் கொடுக்கப்பட்டன. ஒரு நிறுவனம் பிழைக்குமா என்ற கேள்விக்கான விடையில் அதன் பங்கு விலைக்கும் ஒரு கை உண்டு என்பதை 2020ஆம் ஆண்டு நிரூபித்தது. அடுத்து வந்த நிறுவனங்கள் இதிலிருந்து தவறான பாடம் படித்தன. அது பின்னால் வரும்.

எதிர்பாராத திசையிலிருந்து வந்த போட்டி

டெஸ்லாவை எதிர்த்தவர்களின் இன்னொரு வாதம் போட்டியைப் பற்றியது. பெரிய கார் நிறுவனங்கள் மனம் வைத்தால் டெஸ்லா தாங்காது என்றார்கள். ஜாகுவார் ஐ-பேஸ், ஆடி இ-ட்ரான், மெர்சிடிஸ் இ.க்யூ.சி., போர்ஷே டைகான் என்று 2018, 2019 ஆண்டுகளில் வரிசையாகக் கார்கள் வந்தன. எதுவும் டெஸ்லாவை நிறுத்தவில்லை. எல்லோரும் ஜெர்மனியின் கார் நகரங்களான ஸ்டுட்கார்ட்டையும் இங்கோல்ஸ்டாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, போட்டி தெற்குச் சீனாவின் ஷென்ஷனில் பேட்டரி செய்துகொண்டிருந்தது.

பி.ஒய்.டி. நிறுவனத்தைத் தொடங்கிய வாங் சுவான்ஃபு 1966இல் அன்ஹுய் மாகாணத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, அண்ணன் அரவணைப்பில் வளர்ந்து, வேதியியல் படித்தார். 1995இல் உறவினர் தந்த பணத்தோடு ஷென்ஷனில் கைப்பேசிகளுக்கான பேட்டரித் தொழிலைத் தொடங்கினார். ஜப்பானிய நிறுவனங்கள் விலையுயர்ந்த தானியங்கி இயந்திரங்களால் செய்த வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துத் தொழிலாளர் கையில் கொடுத்தார். விலை சரிந்தது, மோட்டரோலாவும் நோக்கியாவும் வாடிக்கையாளர்களாயின. 2003இல் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு கார் நிறுவனத்தை அவர் வாங்கியபோது முதலீட்டாளர்கள் கலங்கிப் பங்கை விற்றுத் தள்ளினார்கள்.

2008இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே குழுமம் பங்கு ஒன்றுக்கு 8 ஹாங்காங் டாலர் வீதம் 22.5 கோடிப் பங்குகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. மொத்தம் சுமார் 23 கோடி அமெரிக்க டாலர். வற்புறுத்தி வாங்க வைத்தவர் பஃபெட்டின் கூட்டாளி சார்லி மங்கர். அடுத்த ஆண்டே பங்கு 80 ஹாங்காங் டாலரைத் தாண்டியது. 2011இல் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்துபோனது. அதே 2011இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பி.ஒய்.டி. பற்றிக் கேட்டபோது மஸ்க் வாய்விட்டுச் சிரித்தார். அவர்களுடைய காரைப் பார்த்திருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். பெர்க்‌ஷயர் விற்கவில்லை. 2022இல்தான் விற்கத் தொடங்கியது. அதற்குள் விலை 20 மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது.

அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் பேட்டரி வேதியியல் இருக்கிறது. நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ் கலந்த பேட்டரி எடை குறைவு, ஓடும் தொலைவு அதிகம். ஆனால் விலை கூடுதல், தீப்பிடிக்கும் அபாயமும் கூடுதல். இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட பேட்டரி மலிவு, பத்திரம். ஆனால் அதே இடத்தில் குறைந்த மின்சாரத்தையே அடைக்க முடியும். மின்கலங்களை நீண்ட தகடுகளாக்கிப் பெட்டிக்குள் நெருக்கமாக அடுக்கி, வாங்கின் பொறியாளர்கள் இடப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். 2020 மார்ச்சில் பிளேடு பேட்டரி என்ற பெயரில் அதை அறிமுகப்படுத்தியபோது, பேட்டரிகளின் மீது முட்டையை வைத்து ஆணியைச் செருகிக் காட்டினார்கள். நிக்கல் பேட்டரி 500 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெடித்து எரிந்தது. பிளேடு பேட்டரியின் மேற்பரப்பு 30 முதல் 60 டிகிரிக்குள் நின்றது, முட்டை வேகவில்லை.

பேட்டரி, மோட்டார், மின்னணுச் சில்லு, கடைசியில் காரை ஏற்றிச் செல்லும் கப்பல்வரை பி.ஒய்.டி. தன்வசம் வைத்துக்கொண்டது. 2022 மார்ச்சில் பெட்ரோலில் மட்டும் ஓடும் கார்களின் உற்பத்தியை நிறுத்தியது. 2025இல் முழு மின்கார்களை மட்டும் எண்ணினால் பி.ஒய்.டி. விற்றது சுமார் 22.6 லட்சம், டெஸ்லா ஒப்படைத்தது சுமார் 16.4 லட்சம். ஓர் ஆண்டுக் கணக்கில் டெஸ்லா முதலிடத்தை இழந்தது அப்போதுதான்.

எல்லோரும் வெல்வதாக எழுதிய விலை

இந்தப் பந்தயத்தில் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து முதலீட்டாளர்கள் கொடுத்த விலையைப் பற்றி முக்கியமான ஒரு கருத்தைச் சொன்னவர்களில் ஒருவர், சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல் படித்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நிறுவன மதிப்பீடு கற்பிக்கும் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன். பிராட்ஃபோர்ட் கார்னெலுடன் சேர்ந்து அவர் முன்வைத்தது இது: ஒரு பெரிய சந்தை உருவாகப் போகிறது என்று தெரிந்ததும், அதில் நுழையும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும், அதுவே பெரும்பங்கைப் பிடிக்கும் என்பதுபோல் விலை வைக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விலையும் நியாயமாகவே தெரியும். கூட்டிப் பார்த்தால் மொத்தச் சந்தையைவிடப் பெரிய தொகை வரும்.

தாமோதரன் தன் மதிப்பீட்டின்படியே நடந்துகொண்டவர். 2019 ஜூனில் டெஸ்லா பங்கை 180 டாலருக்கு வாங்கினார். 2020 ஜனவரியில் சுமார் 640 டாலருக்கு விற்றார். அதன்பின் பங்கு இன்னும் பல மடங்கு ஏறியது. தான் போட்ட மதிப்பை விலை கடந்துவிட்டதால் விற்றதாக வெளிப்படையாக எழுதிவைத்தார். மங்கரும் 2020இல் இதை ஒத்த நிலையையே எடுத்தார்: டெஸ்லாவை வாங்கவும் மாட்டேன், எதிர்ப்பந்தயமும் கட்ட மாட்டேன் என்றார்.

எல்லோரும் இவ்வளவு ஒழுங்கோடு இருக்கவில்லை. 2020 ஜூனில் சந்தைக்கு வந்த நிகோலா என்ற லாரி நிறுவனம், ஒரு லாரிகூட விற்காத நிலையில், சில நாட்கள் ஃபோர்டைவிட அதிக மதிப்பில் நின்றது. அதன் லாரி நெடுஞ்சாலையில் சீராக ஓடும் காணொளி 2018இலிருந்து புழக்கத்தில் இருந்தது. 2020 செப்டம்பரில் ஹிண்டன்பர்க் ரிசர்ச் என்ற எதிர்ப்பந்தய நிறுவனம் அந்தக் காட்சி எடுக்கப்பட்ட விதத்தை வெளியிட்டது. லேசான சரிவுள்ள சாலையின் மேட்டுக்கு லாரியை இழுத்துச் சென்று, அங்கிருந்து உருள விட்டிருந்தார்கள். நிறுவனர் டிரெவர் மில்டன் 2022இல் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2023இல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். நிறுவனமோ அதற்கு முந்தைய மாதமே திவால் மனு போட்டிருந்தது. மின்வாகன நிறுவனங்களான லார்ட்ஸ்டவுன் 2023இலும், ஃபிஸ்கர் 2024இலும் அதேபோல் திவாலாயின.

நம்பிக்கை மூலதனமாக மாறும் என்ற டெஸ்லாவின் பாடத்தை இவர்கள் பாதி மட்டும் படித்தார்கள். திரண்ட பணத்தை ஓடும் ஆலையாகவும் விற்கும் காராகவும் மாற்றிய பிறகே அந்த வட்டம் முழுமையாகிறது.

வென்றவரின் லாபம் எங்கே போகிறது?

தொழில்நுட்பமும் வென்று, நிறுவனமும் வென்ற பிறகு மூன்றாவது கேள்வி எஞ்சுகிறது. 2023 ஜனவரியில் டெஸ்லா அமெரிக்காவில் சில மாடல்களின் விலையை 20 சதவீதம்வரை குறைத்தது. சீனாவில் விலைப்போர் மூண்டது. பி.ஒய்.டி.யின் சீகல் என்ற சிறிய மின்கார் 2023 ஏப்ரலில் 73,800 யுவானுக்கு அறிமுகமானது. 2025 மே மாதச் சலுகையில் 55,800 யுவானுக்கு, நம் கணக்கில் சுமார் ஆறரை லட்ச ரூபாய்க்கு, கிடைத்தது. தள்ளுபடியின் சுமை உதிரிபாகம் தரும் சிறு நிறுவனங்களின் தலையில் விழுந்தது. நிலுவையை 60 நாட்களுக்குள் தருவதாக 2025 ஜூனில் சீனக் கார் நிறுவனங்கள் உறுதியளிக்க வேண்டிவந்தது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் பி.ஒய்.டி.யின் லாபம் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. டெஸ்லாவின் நிகர லாபம் 2022இல் சுமார் 1,260 கோடி டாலர். 2024இல் சுமார் 710 கோடி. ஃபோர்டின் மின்கார்ப் பிரிவு 2024இல் மட்டும் 500 கோடி டாலருக்கு மேல் இழந்தது.

இந்தப் பணம் மறைந்துவிடவில்லை. கார் வாங்கியவரின் பையில் மிச்சமாகியிருக்கிறது. கடும் போட்டி நிலவும் தொழிலில் பெரும்பயன் வாடிக்கையாளருக்கே போகும். சமூகத்துக்கு நல்லதாக அமைவது பங்குதாரருக்கும் நல்லதாக அமைந்தே தீர வேண்டும் என்ற விதி கிடையாது.

அதனால்தான் டெஸ்லாவைப் பற்றிய விவாதம் காரை விட்டே நகர்ந்துவிட்டது. 2024இல் அதன் ஆண்டு விற்பனை முதன்முறையாகக் குறைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பங்கு புதிய உச்சத்தைத் தொட்டது. தானியங்கி ஓட்டத்தை டெஸ்லா சாதிக்கும் என்று நம்பாதவர் இந்த நிறுவனத்தில் முதலிடக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மஸ்க்கே சொல்லியிருந்தார். ஓட்டுநரில்லா டாக்சிகள் 2020இல் 10 லட்சம் ஓடும் என்று 2019இல் கூறியவரும் அவரே. 2025 ஜூன் 22இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் தொடங்கிய சேவையில் சொற்ப கார்களே ஓடின. முன்னிருக்கையில் ஒரு கண்காணிப்பாளரும் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பே கூகுளின் சகோதர நிறுவனமான வேமோ பல அமெரிக்க நகரங்களில் ஓட்டுநரே இல்லாத காரில் கட்டணப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. புதிய களத்திலும் பழைய மூன்று கேள்விகளே மறுபடி எழுகின்றன.

தூத்துக்குடியிலிருந்து பார்த்தால்

இந்த விவாதம் நம் வாசலுக்கும் வந்திருக்கிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் 400 ஏக்கரில் கட்டிய ஆலை 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி திறக்கப்பட்டது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 கார்கள். இதே நிறுவனம் 2023 ஆகஸ்டில் நாஸ்டாக்கில் நுழைந்த முதல் நாளே 8,500 கோடி டாலர் மதிப்பைப் பெற்று ஃபோர்டையும் ஜெனரல் மோட்டார்ஸையும் தாண்டியது. சுமார் 99 சதவீதப் பங்குகள் நிறுவனர் ஃபாம் நாட் வூங்கின் பிடியில் இருந்தன. சந்தையில் கைமாறியது மிகச் சிறு பகுதி. அந்தச் சிறு பகுதிக்குக் கிடைத்த விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கி வந்த தொகையே அந்த 8,500 கோடி. அடுத்த ஆண்டு அந்தப் பங்கு 5 டாலருக்கும் கீழே இறங்கியது.

தூத்துக்குடி ஆலை கண்ணெதிரே நிற்கும் உண்மை. அங்கே வேலை பெறும் இளைஞர்களின் சம்பளமும் உண்மை. அதை வரவேற்கும் மனத்தோடு அந்தப் பங்கின் விலையையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்பதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை நடத்தும் மின்ஸ்கூட்டர் நிறுவனமான ஓலா எலெக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. இரண்டு வாரங்களுக்குள் 157 ரூபாயைத் தொட்டது. 2025இல் 50 ரூபாய்க்கும் கீழே போனது. அதே காலத்தில் மின்ஸ்கூட்டர் விற்பனை நாட்டில் கூடிக்கொண்டே இருந்தது. முதலிடத்தை ஓசூரின் டி.வி.எஸ். எடுத்துக்கொண்டது.

இந்த அவையில் கைப்பேசியிலேயே பங்கு வாங்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். மின்வாகனப் பங்கு ஒன்றை வாங்குமுன் மூன்று கேள்விகளையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். லாபம் கார் விற்று வந்ததா, சலுகைப் புள்ளி விற்றும் மானியம் பெற்றும் வந்ததா என்று பாருங்கள். உதிரிபாகம் தருபவர்களுக்கு எத்தனை நாள் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மொத்தப் பங்குகளில் எத்தனை சதவீதம் சந்தையில் கைமாறுகிறது என்று பாருங்கள். இவை எல்லாம் ஆண்டறிக்கையிலும் வெளியீட்டு ஆவணத்திலும் அச்சாகியே கிடக்கின்றன. பணப்புழக்க அறிக்கை உள்ள பக்கத்தை முதலில் படியுங்கள், விலையைப் பிறகு பாருங்கள்.